முழங்காலும் ஒரு துண்டுக் கடிதமும்

ஜனவரி முதல் வாரத்தில், நமுனுகுலயிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கும் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில், குளிரில் விறைத்துப்போய்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. அவர்களுடைய மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் உறுதிக் கடிதம், தடுப்பூசி அட்டை, பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம். எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்புக் கலையாமல், இன்னொரு தாள் இருக்கும். யாரோ ஒரு தலைவர், யாரோ ஒரு மந்திரி, யாரோ ஒரு சபை உறுப்பினர் கையெழுத்திட்ட கடிதம். எங்கள் ஊரில் அதற்குத் துண்டு என்று பெயர்.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் இறங்கினேன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். அன்றைக்கு ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப் போனார். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தின் அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் துண்டைக் கொடுத்தார். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் தந்தது. அதிபர் பிரித்துப் படித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தலைவர் அங்கே இல்லை. அவருடைய கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அன்று சாயங்காலம் லயத்தில் அப்பா எல்லாரிடமும் சொன்னார்: “தலைவரோட கடுதாசியப் பாத்ததும் அதிபரே எந்திரிச்சிட்டாருல்ல!” எனக்கு இடம் கிடைத்தது. அதிபர் எழுந்ததில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை எவ்வளவு தப்பானது என்று விளங்க எனக்கு 2018ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

2018 ஜனவரி 3. பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலயத்தின் அதிபர், ஊவா மாகாண முதலமைச்சரின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைக்கப்பட்டார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் சாமர சம்பத் தசநாயக்க. மாகாணக் கல்வி அமைச்சும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் தரப்பிலிருந்து போன கடிதத்தை அந்த அதிபர் ஏற்கவில்லை. அதற்காக அவர் வரவழைக்கப்பட்டார். அங்கே முதலமைச்சரின் முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டதாக அவர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். முதலமைச்சர் அதை மறுத்தார்.

‘பின்னர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். செய்தி கசிந்தபோது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அந்த அதிபரும் முதலில் சொன்னார். சில நாள் கழித்துத்தான், அச்சத்தில் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று கூறி நடந்ததை வெளியிட்டார். முழங்காலில் நிற்க வைத்தது முதல் அவமானம். நிற்கவே இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தது இரண்டாவது அவமானம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. உடம்பு நிமிர்ந்துவிடும். தனக்கு நடந்ததைத் தானே இல்லையென்று சொன்ன வாய் அவ்வளவு எளிதில் நிமிராது. அந்த அம்மா அதையும் நிமிர்த்திக்கொண்டு வந்து பேசினார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது, அதிகாரத்தின் கீழ் ஒரு நாளாவது வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு நடந்தவை பத்திரிகைகளில் வந்தவைதான். ஆசிரியர் சங்கங்கள் கண்டித்தன. மலையகத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. அதே மாதத்தில் முதலமைச்சர் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். கைதாகிப் பிணையிலும் வந்தார். முதலமைச்சர் பதவி அவரிடமே இருந்தது.

முழங்கால் என்று சொல்லும்போது எனக்கு அப்பாயியின் ஞாபகம்தான் வருகிறது. பதினான்கு வயதில் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டியவள். நமுனுகுல மலையின் செங்குத்துச் சரிவுகளில் கொழுந்து எடுத்தே அவளுடைய முழங்கால்கள் தேய்ந்துபோயின. கடைசிக் காலத்தில் இரண்டு முட்டியும் பந்துபோல வீங்கி, மடக்கவே முடியாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எல்லாரும் விழுந்து கும்பிடும்போது அவள் மட்டும் தூணைப் பிடித்தபடி நின்று கும்பிடுவாள். யாராவது பார்த்தால், “ஆத்தாளுக்குத் தெரியும்” என்பாள். ஆத்தாள் அவளை ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. தெய்வம் கேட்காத முழங்காலைப் பதவி கேட்கிறது என்பதை எப்படிப் பொறுப்பது?

தோட்டத்தில் உடம்பைக் குறுக்கிக்கொள்வதும் ஒரு வேலையாகத்தான் பழக்கப்பட்டிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் துரை வந்தால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ரோட்டில் துரையைக் கண்டால் மழையானாலும் குடையை மடக்கி ஓரம் ஒதுங்க வேண்டும். இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டதில்லை. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. அந்தப் பழக்கத்திலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தது பள்ளிக்கூடம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். நடுவில் இருக்கும் அந்த முப்பது வருடம் எங்கள் அப்பா அம்மாக்களின் எழுத்தறியாத வருடங்கள். அதனால்தான் ஒரு தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபர் நாற்காலியில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருப்பதைக் காணும்போது எங்களுக்கு மனசு நிறைகிறது. குனிந்தே வாழ்ந்தவர்களின் பேத்திகளுக்கு, ஒரு பெண் நிமிர்ந்திருப்பதை நாள்தோறும் காட்டுகிற இடம் அது. அந்த நாற்காலியில் இருந்தவரை மண்டியிட வைத்தபோது, பாடசாலையின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு பாடம் நடத்தப்பட்டது. நீ எவ்வளவு படித்தாலும் கடைசியில் இதுதான் என்கிற பாடம்.

துண்டு என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டோடு வந்து இறங்கினார்கள். தோட்டத்துக்கு வந்த பிறகு கடன் துண்டு. ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்னார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டு கைமாறும், கடன் கைமாறும், அதோடு மனிதரும் கைமாறுவார். 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. அதன் பிறகும் எங்கள் வாழ்க்கை காகிதத்தில்தான் தொங்கியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. யார் இங்கே, யார் அங்கே என்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள். மிஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. பிரசாவுரிமைச் சான்றிதழை அரிசி டின்னுக்குள், துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் காப்பாற்றிய தலைமுறை எங்களுடையது.

இப்படிக் காகிதத்துக்குப் பயந்தும் காகிதத்தை நம்பியும் வாழ்ந்த மக்களிடம், ஒரு தலைவரின் கையெழுத்து வரம்போலத் தெரிவதில் வியப்பில்லை. எங்களுடைய இந்தப் பலவீனம் தலைவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாடசாலை அனுமதிக்குச் சுற்றறிக்கை இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் வீடு, அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா, பெற்றோர் அங்கே படித்தவர்களா என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுகிற முறை இருக்கிறது. அதன்படி கிடைக்க வேண்டிய இடம் அந்தப் பிள்ளையின் உரிமை. ஒரு துண்டு எழுதப்பட்ட கணத்தில் அதே இடம் தலைவர் போட்ட பிச்சையாகிவிடுகிறது. உரிமையைப் பெற்றவன் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பிச்சை பெற்றவன் சாகும்வரை கைகட்டி நிற்க வேண்டும், தேர்தல் வந்தால் புள்ளடியும் போட வேண்டும். தலைவர்கள் துண்டு எழுதுவதில் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

துண்டை மறுக்கிற ஓர் அதிகாரி இந்த வியாபாரம் முழுவதையும் மறுக்கிறார். தலைவரின் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை என்று பகிரங்கமாகச் சொல்கிறார். அதனால்தான் தண்டனை அவ்வளவு கொடுமையாக வருகிறது. பதுளையில் அந்த அதிபரை இடம் மாற்றியிருக்கலாம், விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கலாம். அதிகாரத்திடம் அதற்கெல்லாம் வழி உண்டு. முழங்கால்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் கையெழுத்தின் கௌரவத்தை மீட்க வேறு எதுவும் போதாது. துண்டும் முழங்காலும் ஒரே தாளின் இரண்டு பக்கங்கள். முன்பக்கத்தில் தயவு எழுதியிருக்கும். மறுத்தவர்களுக்கு மட்டும் பின்பக்கம் வாசிக்கக் கிடைக்கும்.

இன்னொரு வகைக் கடிதமும் எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக்காக யாரும் நாற்காலியிலிருந்து எழவில்லை. தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் அதற்குக் கீழ்ப்படிந்திருந்தால் மக்கள் பிழைத்திருப்பார்கள். ஒரு பிள்ளையின் அனுமதிக்காக எழுதிய தாள் ஓர் அதிபரின் முழங்காலை மடக்குகிறது. லயம் லயமாக மக்களைக் காப்பாற்ற எழுதிய தாள் கோப்பில் கிடக்கிறது. பொது நிறுவனங்களின் தலைமை கெட்டுப்போனதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பேசும்போது நாம் முதலமைச்சரோடு நிறுத்திவிடுகிறோம். ஓர் அதிபரை ஒரு முதலமைச்சர் தனியாக மண்டியிட வைத்துவிட முடியாது. அழைப்புப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழியில் அதிகாரிகள் வேண்டும். படித்தவர்கள், போட்டிப் பரீட்சையில் தேறியவர்கள், ஓய்வூதியத்துக்கு உரியவர்கள். “இது முறையில்லை சேர், ஏதாவது குறையிருந்தால் எழுத்தில் விளக்கம் கேட்போம்” என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர்களுக்குத் தாபன விதிக்கோவை துணையிருந்தது, அரசியலமைப்பு துணையிருந்தது. தலைவரின் ஒழுக்கக் கேடு தலைவரிடம் தொடங்கலாம். அது நிறைவேறுவது பக்கத்தில் நிற்பவர்களின் மௌனத்தால்.

அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, எந்த ஆளையும் சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகைக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. இதற்கு விலக்கே கிடையாது. மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது எங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நடந்ததை வெளியில் சொல்லவே ஒரு மனிதருக்குப் பல நாள் தேவைப்படும்போது, ஒரு மாதம் என்பது மிகச் சிறிய காலம். பயம் அந்த முப்பது நாளையும் தின்றுவிடும் என்று அதிகாரத்துக்குத் தெரியும்.

வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் எழுதியதோடு நிறுத்தவில்லை. அடுத்த அதிகாரத்துக்கு வெருவந்த செய்யாமை என்று பெயரிட்டார். அது 57ஆவது அதிகாரம். குடிகள் அஞ்சும்படி நடந்துகொள்ளாமை என்று பொருள். ஆள்பவன் பொருளைப் பறிப்பது ஒரு குற்றம், அச்சத்தை விதைப்பது தனியான இன்னொரு குற்றம் என்று அவர் பிரித்துக் கண்டிருக்கிறார். நாம் இலஞ்சத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எத்தனை லட்சம், எந்த வங்கி என்று கணக்குக் கேட்கிறோம். அச்சத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.

அதனால்தான் அடுத்து நடந்ததை நாம் கூச்சத்தோடு பார்க்க வேண்டும். 2020இல் இதே பதுளை மாவட்டம் சாமர சம்பத் தசநாயக்கவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இராஜாங்க அமைச்சராகவும் ஆனார். 2024இல் மாவட்டம் அவரை மறுபடியும் அனுப்பியது. 2025 மார்ச்சில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அவரைக் கைது செய்தது. முதலமைச்சராக இருந்தபோது, 2016இல், மாகாண சபையின் நிலையான வைப்புகளை முதிர்வுக்கு முன்பே மீளப்பெற்று 1 கோடியே 73 லட்சம் ரூபாய் நட்டம் ஏற்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. பிறகு பிணையில் வந்தார். அந்தக் குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒன்றை மட்டும் நாமே சொல்லலாம்: ஓர் அதிபரின் முழங்கால் வாக்குச் சாவடியில் நம் மாவட்டத்துக்கு ஞாபகம் வரவில்லை.

நமக்கு ஏன் அது உறைக்கவில்லை? இந்த இடத்தில் நான் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் மனம் விட்டுப் பேச விரும்புகிறேன். வாய்ப்பாடு தவறினால் வகுப்புக்கு வெளியே வெயிலில் முழங்காலில் நின்றவர்கள்தானே நாமெல்லாம்? கல் குத்தி முட்டி சிவந்து வீட்டுக்கு வந்தால், “நல்லா செஞ்சாரு வாத்தியாரு” என்று சொன்ன வீடுகள்தானே நம்முடையவை? சங்கத் தலைவர் தோட்டத்துக்கு வந்தால் எழுபது வயதுக் கிழவர் மாலை போட்டு இருபத்தைந்து வயது வாரிசின் காலைத் தொடுவதை, கைதட்டிப் பார்த்தவர்கள்தானே நாம்? மண்டியிடுவது மரியாதை என்று ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் ஒருவர் மண்டியிட வைக்கப்படும்போது மட்டும் பதறினால், அந்தப் பதற்றம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. எங்கள் கோபமும் அப்படித்தான் ஆறிப்போனது.

பதவி யாருக்கும் சொந்தமில்லை, மக்கள் நம்பி ஒப்படைத்தது என்ற கொள்கையை இலங்கையின் உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வளர்த்திருக்கிறது. 2023 நவம்பரில், நாட்டைப் பொருளாதார நெருக்கடியில் தள்ளிய வழக்கில், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் அந்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. நாட்டின் உச்சியில் இருந்தவர்களையே பெயர் சொல்லிப் பொறுப்பாக்க முடிந்திருக்கிறது. அதே அளவுகோல் மாகாணத்துக்கும், வலயத்துக்கும், பாடசாலைக்கும், தோட்டத்துச் சங்கக் காரியாலயத்துக்கும் இறங்கிவர வேண்டும். ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவேயில்லை. கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட ஒரு மாகாண சபைகூட இல்லாத இடத்தில், கேள்வி கேட்கிற வேலை நம்முடையதாகிறது.

அந்த வேலை பெரிய இடத்தில் தொடங்குவதில்லை. அதிபரின் மேசைக்கு முன்னால் தொடங்குகிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் என் அப்பா கொடுத்த துண்டால் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் துண்டில்லாத இன்னொரு பிள்ளைக்கு உரியதாக இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளை என் வயதில் இப்போது எந்த மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கிறதோ. அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சுற்றறிக்கை வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அடுத்த ஜனவரியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறும்போது, உறைக்குள் அந்தத் தாளை வைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழை நீட்டி, சுற்றறிக்கைப்படி என் பிள்ளைக்கு இடம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். துண்டை மறுக்கிற அதிபர் கிடைத்தால் அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். அவரை யாராவது கூப்பிட்டு அனுப்பினால், கூடவே நீங்களும் போங்கள்.